மடத்துவெளியில் நடந்துபோன வோஷிங் மெஷின்

மடத்துவெளியில் ஒரு வோஷிங் மெஷின் தன் பாட்டில் வேலிப் படலை வரைக்கும் நடந்து போனது என்று சொன்னால் யாழ்ப்பாணப் பட்டணத்தார் நம்பமாட்டார்கள். புங்குடுதீவார் நம்புவார்கள். அவர்களில் பாதிப்பேர் அதைக் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்வார்கள். மிச்சப்பேர் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றதாகச் சொல்வார்கள். வல்லிபுரம் ஒருவர்தான் அது பஸ் தரிப்பிடம் மட்டும் போய்க் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் பஸ்ஸை மறித்தது என்கிறார். வல்லிபுரத்தின் பேச்சில் பத்துக்கு மூன்றைத்தான் எடுக்கலாம். அந்த மூன்றை எடுத்தாலும் மெஷின் படலைக்கு வந்தது உண்மை.

அதை நடக்க வைத்தவள் பிரியதர்சினி. ஊருக்குத் தர்சினி. வயது நாற்பத்திரண்டு. ஓட்டோ ஓடும் நிமலனின் மனைவி. வணிகப் பிரிவில் உயர்தரம் எடுத்து, மூன்று பாடமும் சித்தியடைந்து, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கலியாணம் முந்திக்கொண்டது. ஒரு பொருள் சும்மா கிடப்பதைக் கண்டால் அவளுக்கு உடம்பு பொறுக்காது. பள்ளிக்கூடத்தில் எறிந்து கிடந்த உலக உருண்டையை இரண்டாகப் பிளந்து, வடக்குப் பாதியில் கோழிகளுக்குத் தண்ணீரும் தெற்குப் பாதியில் தவிடும் வைத்தவள். அந்தக் கோழிகள் சாகும்வரை அவுஸ்திரேலியாவைக் கொத்துவதிலேயே குறியாக இருந்தன. தன் கலியாணத்தன்று தாலி ஏறின கையோடு மணவறையில் கட்டியிருந்த சரிகைத் துணியைச் சாண் போட்டு அளந்துவிட்டு, “உது குசினி யன்னலுக்கு அளவாயிருக்கும்” என்று மாப்பிள்ளையின் காதில் சொன்னாள். மேளச் சத்தத்தில் நிமலனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. புதுப் பெண்சாதி ஏதோ அன்பாகச் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையை ஆட்டினான். அன்றைக்கு ஆட்டத் தொடங்கிய தலை இன்னும் நிற்கவில்லை.

நிமலனின் மூத்த அக்கா அன்னபூரணம் கனடாவில் இருந்தார். ஊரில் அவர் கட்டிய வீட்டுக்கு இரண்டு மாடி, மாபிள் தரை, எட்டு மின்விசிறி, ஆறு கட்டில். ஆள் மட்டும் இல்லை. புங்குடுதீவில் இப்படி வீடுகள் கனக்க. ஒவ்வொன்றும் கலியாணப் பெண் போல அலங்கரித்துக்கொண்டு, பூட்டிய கதவுக்குப் பின்னால், மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆளுக்காகக் காத்திருக்கும். அதே வளவின் பின்பக்கத்துச் சின்ன வீட்டில் நிமலனும் தர்சினியும் குடியிருந்து, பெரிய வீட்டைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கடையிலும் கோயிலிலும் தர்சினிக்கு அதுதான் பட்டம்: ‘பூரணத்தின்ர வீட்டைப் பாக்கிற பிள்ளை.’ ஐந்து வருடம் கேட்டுக் கேட்டு, அவளுக்கே சில வேளை தன் பெயர் மறந்துபோகும்.

அன்னபூரணம் அந்த வீட்டுக்கு யாழ்ப்பாணத்துக் கடையொன்றிலிருந்து ஒரு வோஷிங் மெஷினை இறக்குவித்தார். நல்ல மெஷின், மேற்பக்கத்தால் திறப்பது. ஆனால் மடத்துவெளிக் கிணற்றுத் தண்ணீர் ஒரே உவர். முதன்முதல் அதில் தோய்த்த நிமலனின் சேட்டு காய்ந்ததும் அப்பளம் போல விறைத்து நின்றது. அவன் அதைப் போடவில்லை, அதற்குள் ஏறினான். நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வருவது. அதைக் குடிக்கலாம், உடுப்புக்கு ஊற்ற ஏலாது. ஆகவே மெஷினுக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டு முன்மண்டபத்தில் நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அன்னபூரணம் வீடியோவில் வந்து, வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லி, கடைசியில் கேட்பார்:

“மிசின் எப்பிடி இருக்கு?”

“நல்ல சுகமா இருக்கு, மச்சாள்.”

அப்படியொரு ஞாயிறு அன்னபூரணம் கையில் ஒரு சின்னப் போத்தலைத் தூக்கிக் காட்டினார். உள்ளே பச்சைத் தூள். “முருங்கையிலைத் தூள் பிள்ளை. இஞ்ச எல்லாரும் காலமையில கரைச்சுக் குடிக்கினம். எங்கட நாட்டில செய்ததும் இல்லை.” பிறகு விலையைச் சொன்னார். தர்சினி யன்னலால் வெளியே பார்த்தாள். வேலி முழுக்க முருங்கை. அதை ஒரு ஆடு பின்னங்காலில் எழும்பி நின்று, விலை தெரியாமல் தின்றுகொண்டிருந்தது.

அடுத்த நாளே ஆட்டைக் கட்டிப்போட்டுவிட்டுத் தொடங்கினாள். தொடங்கின வேகத்தில் விழுந்தாள். முதல் தூளை வேலணையில் மிளகாய் அரைக்கும் மில்லில் கொடுத்து அரைப்பித்ததில், அதைக் கரைத்துக் குடித்த ஓய்வுபெற்ற அதிபர் இலட்சுமணன் மாஸ்ரர் மூன்று நாள் ஆங்கிலத்தில் மட்டும் பேசினார். அதற்குப் பிறகு வீட்டிலேயே அரைத்தாள். பெரிய தொல்லை ஈரம்தான். கழுவாமல் காயவைத்தால் கடற்காற்றுக் கொண்டுவந்த மண்ணும் உப்பும் பல்லில் நறநறக்கும். மழைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்துக் கழுவினால் இலை ஈரத்தோடு கிடந்து கறுக்கும். கறுத்த தூளை ஆடும் மணந்து பார்த்துவிட்டு விலகிப் போகும்.

ஒரு நாள் கழுவின இலையைக் கட்டிலுக்குக் கட்டும் நுளம்பு வலையில் முடிந்து, முற்றத்தில் நின்று தலைக்கு மேலே சுழற்றினாள். தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது. நல்ல யோசனைதான், ஐந்தாம் சுற்றில் முடிச்சு அவிழாவிட்டால். இலை முழுக்க நிமலனின் முகத்தில் ஒட்டியது. அவன் அசையாமல் நின்று, வாய்க்குள் போனதை மென்று விழுங்கிவிட்டுக் கேட்டான்:

“இஞ்சாரும், உப்பிடிச் சுத்துறதுக்கெண்டு ஒரு சாமான் முன்மண்டபத்தில நிக்குதெல்லோ?”

பதினெட்டு வருட இல்லறத்தில் நிமலன் சொன்ன ஒரேயொரு யோசனை அது. அவன் பகிடிக்குத்தான் சொன்னான். தர்சினி அதற்குள் மண்டபத்துக்குள் போய்விட்டாள்.

மெஷினில் உடுப்பைக் கடைசியாகச் சுழற்றிப் பிழியும் வேலைக்குத் தண்ணீர் ஒரு சொட்டும் தேவையில்லை. இலையை வலைப்பையில் கட்டி உள்ளே வைத்து அந்தப் பொத்தானை அமத்தினாள். இரண்டு நிமிடத்தில் இலை பொலபொலவென்று வெளியே வந்தது. ஆனால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் மெஷின் தடதடவென்று துள்ளும். மாபிள் தரை வழுக்கும். ஒரு நாள் தர்சினி முற்றத்தில் அடுத்த பையைக் கட்டிக்கொண்டிருக்க, அது வயரை நீட்டி இழுத்துக்கொண்டு வாசற்படி இறங்கிப் படலையைப் பார்க்கப் போனது. வயர் இருபத்தைந்து முழமா என்று கேட்கக்கூடாது. கதை சொல்லும்போது ஊரில் எல்லாருக்கும் வயர் நீளம்தான். அன்றிலிருந்து மெஷினை மாட்டுக் கயிற்றால் தூணோடு கட்டினார்கள்.

காயவைக்க நிழலும் காற்றும் வேண்டும், மண் விழக்கூடாது. அதற்கு மேல்மாடியை விட்டால் வேறு இடம் எங்கே? ஆறு மாதத்துக்குள் தர்சினியோடு ஆறு பெண்கள் வேலை செய்தார்கள். அன்னபூரணத்தின் ஆறு கட்டிலிலும் முருங்கையிலை படுத்திருந்தது, நுளம்பு வலைக்குள்ளே, விசிறிக் காற்றில், கனடாக்காரரைவிடச் சொகுசாக. கரண்ட் பில்லை மட்டும் தர்சினி தன் கையால் கட்டினாள். மற்றபடி இது எதுவும் மச்சாளுக்குத் தெரியாது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆறு மாதமாக நாக்கு நுனியில் வைத்திருந்தாள்.

ஞாயிறு வந்தால் கயிற்றை அவிழ்த்து, மெஷினைத் துடைத்து, உறை போட்டு, பெண்களை மேலே மூச்சுவிடாமல் இருத்திவிட்டுத்தான் வீடியோ. ஒருமுறை வினோதா தும்மிவிட்டாள். நண்டு பதனிடும் கம்பனியில் பார்த்த நிரந்தர வேலையை விட்டுவிட்டுத் தர்சினியை நம்பி வந்தவள் இந்த வினோதா. தும்மலும் நிரந்தரமாக இருந்தது.

“மேல ஆர் பிள்ளை?”

“வௌவால், மச்சாள்.”

“வௌவால் தும்முமோ?”

“இஞ்சத்தை வௌவாலுகளுக்கு இப்ப நல்ல தடிமன், மச்சாள்.”

இப்படிப் போய்க்கொண்டிருக்க, கொழும்பிலே மூலிகைத் தூள் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனி தர்சினி அனுப்பிய மாதிரியைப் பார்த்துவிட்டுக் கடிதம் போட்டது. தங்கள் தரப் பரிசோதகர் சனிக்கிழமை பத்து மணிக்கு வருவார், இலை ஆய்வதிலிருந்து பொதி கட்டுவது வரை நேரில் பார்ப்பார், திருப்தியென்றால் மாதாமாதம் ஐம்பது கிலோ எடுப்போம், இல்லாவிட்டால் வேறிடத்தில் ஒழுங்குசெய்துவிடுவோம் என்று எழுதியிருந்தது. இரண்டாம் தரம் வரமாட்டார்களாம். கூடவே ஒரு படிவம். அதில் ஒரு கேள்வி: ‘இத்தொழிலில் நீங்கள் புகுத்திய புத்தாக்கம் யாது?’

“வௌவாலைக் கலைச்சது எண்டு எழுதும்” என்றான் நிமலன்.

தர்சினி சிரிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை தவறினால் வினோதா நண்டுக் கம்பனி வாசலில் போய் நிற்க வேண்டும். அங்கே இடம் இருக்குமோ தெரியாது. மற்ற ஐந்து பேரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், பரவாயில்லை அக்கா என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பரவாயில்லையைக் கேட்கத்தான் அவளால் ஏலாது.

மச்சாளும் அம்மன் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அது அடுத்த செவ்வாய். சனிக்கிழமை முடியட்டும், ஞாயிறு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தர்சினி கணக்குப் போட்டாள்.

அன்னபூரணம் வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்கினார். ‘சொல்லாமல் போனால்தான் வீட்டின்ர சங்கதி தெரியும்’ என்பது அவருடைய கொள்கை. வான்காரன் நாலு சூட்கேசை இறக்கி வைத்துவிட்டுப் போனான். வழியில் இந்தியாவில் பதினைந்து நாள் கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு வந்ததால் இரண்டு சூட்கேஸ் முழுக்க ஊத்தை உடுப்பு. தர்சினியும் பெண்களும் இலை ஒடிக்க ஊரின் மற்ற அந்தத்துக்குப் போயிருந்தார்கள். நிமலன் வாடகை ஓட்டத்தில். அன்னபூரணம் தன் திறப்பால் கதவைத் திறந்தார். முன்மண்டபத்தில் மெஷின் பளபளவென்று நின்றது. தூணோடு ஏன் கட்டியிருக்கிறது என்று ஒரு கணம் யோசித்தார். கள்ளருக்குப் பயந்து கட்டியிருக்கிறார்கள், பொறுப்பான பிள்ளை என்று மெச்சிக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரை மோட்டரால் இறைத்து நிரப்பி, சூட்கேசைக் கவிழ்த்து, கனடாவிலிருந்து கொண்டுவந்த ரோசாப்பூ மணக்கும் சவர்க்காரத் தூளை இரண்டு கைநிறைய அள்ளிப் போட்டு, பொத்தானை அமத்தினார்.

பதினொரு மணிக்குத் தர்சினி இலைக்கட்டைத் தலையில் சுமந்துகொண்டு படலைக்குள் வர, முற்றத்தில் அன்னபூரணம் ஒரு சேலையை இரு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வாரும்” என்றார். “இது என்ன நிறம்?”

“பச்சை, மச்சாள்.”

“இது வெள்ளைச் சேலை. கோயிலுக்கு உடுக்கவெண்டு எடுத்தது.”

தர்சினிக்குச் சேலை கண்ணில் படவில்லை. ரோசாப்பூ மணம் மூக்கில் ஏறியது. இலைக்கட்டை அப்படியே போட்டுவிட்டு மண்டபத்துக்கு ஓடி மெஷினுக்குள் தலையை விட்டாள். உள்ளேயும் ரோசாப்பூதான். அதற்குள் அன்னபூரணம் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு மேல்மாடிக்கு ஏறிவிட்டார். தர்சினி ஏறிப் போனபோது அவர் தன் அறை வாசலில் நின்றார்.

“என்ர கட்டில்ல ஆர் படுத்திருக்கிறது?”

“இலை, மச்சாள்.”

“மற்றக் கட்டில்ல?”

“அதுவும் அவயின்ர ஆக்கள்தான்.”

இனி மறைக்க ஒன்றும் இல்லை. தர்சினி நின்ற நிலையில் எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். ஆடு, மிளகாய் மில், நுளம்பு வலை, படலை, தும்மின வௌவால், கொழும்புக் கடிதம், நாளைக்குப் பத்து மணி. கீழே ஓட்டோச் சத்தம் கேட்டது. அக்காவின் குரலும் கேட்டிருக்க வேண்டும், நிமலன் இறங்கி நேராக ஓட்டோவுக்கு அடியில் புகுந்து, நல்லாயிருந்த ஒரு ஆணியைக் கழற்றிப் பூட்டத் தொடங்கினான்.

அன்னபூரணம் கதிரையில் இருந்தார். மூக்கை உறிஞ்சினார். மூன்று வருடத்துக்கு முந்தி வந்தபோது எவ்வளவு கூட்டித் துடைத்தும் போகாத வௌவால் எச்ச நாற்றம் தாங்காமல் யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துத் தங்கியவர் அவர். இப்போது வீடு வாழுகிற வீடு போல மணந்தது. அது அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

“ஆறு மாசம். ஒவ்வொரு ஞாயிறும் என்ர முகத்தைப் பாத்துக் கதைச்சனீர். ஒரு சொல் சொல்லேல்லை.”

“வேண்டாமெண்டு சொல்லிப்போடுவியளெண்டு பயம், மச்சாள்.”

“வேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பன்” என்றார் அன்னபூரணம். சற்று யோசித்து, “அதுக்காகச் சொல்லாமல் விடுறதோ?” என்றார்.

மெஷினை மழைத் தண்ணீரால் ஏழு தரம் கழுவினார்கள். பிறகு ஒரு கைப்பிடி இலையைச் சுழற்றி, தர்சினி அதை மச்சாளின் மூக்கடியில் நீட்டினாள். அவர் மணந்தார். திரும்பவும் மணந்தார்.

“என்ன மணம், மச்சாள்?”

“...ரோசாப்பூ.”

“நாளைக்கு வாற பிள்ளையும் அதைத்தான் சொல்லும்.”

பெண்கள் ஆறு பேரும் கைகட்டிக்கொண்டு நின்றார்கள். வினோதா தும்மக்கூட இல்லை. அன்னபூரணம் ஆறு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சவர்க்காரத் தூள் போட்ட கை தன்னுடையது என்பது அவருக்கு அப்போதுதான் முழுக்க உறைத்தது.

“ஊரில வேற மிசினே இல்லையோ?”

இருந்தன, நாற்பது பூட்டிய வீட்டில் நாற்பது. ஆனால் உப்புக்காற்று தின்று முக்கால்வாசி கறள் கட்டிப்போயிருந்தது. மிச்சத்தில் சவர்க்காரம் பட்டிருந்தது. பெட்டி உடைக்காமல், கடைப் பிளாஸ்ரிக்கோடு கிடப்பது ஒன்றே ஒன்று. பக்கத்து வளவில், சுவிஸில் இருக்கும் நாகேஸ் வீட்டில். அந்தப் பெயரைத் தர்சினி மெல்லமாகத்தான் சொன்னாள். இரண்டு வளவுக்கும் இடையில் உள்ள வேலியை இரண்டு முழம் தள்ளிப் போட்டதாக அன்னபூரணத்துக்கும் நாகேசுக்கும் பதினொரு வருடமாகக் கோட்டில் வழக்கு. அந்த வழக்குத் தொடங்கியபோது பாலர் வகுப்பில் இருந்த சட்டத்தரணியின் மகன் இப்போது அதே வழக்கில் தகப்பனுக்குக் கோப்புத் தூக்குகிறான். இரண்டு பெண்களும் ஒன்றாகப் படித்து, ஒன்றாகப் பூப்பறித்தவர்கள். பதினொரு வருடமாக ஒரு சொல் இல்லை.

நாகேசின் திறப்பு வல்லிபுரத்திடம். வல்லிபுரம் ஒன்பது வீட்டுத் திறப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு, வண்டில் மாடு போலச் சலங்கை கிலுக்கி நடப்பவர். பேச்சில்தான் பொய், திறப்பு விஷயத்தில் மலை போல உறுதி.

“வீட்டுக்காரர் வீடியோவில வந்து, முகத்தைக் காட்டி, ஓம் எண்டு சொல்லவேணும்” என்றார். “இல்லாட்டி நெஞ்சில சுட்டாலும் ஏலாது.”

“நீங்களே எடுத்துக் கேளுங்கோவன், அண்ணை” என்றாள் தர்சினி.

“கேட்கிற ஆள்தான் கேட்கவேணும்” என்று வல்லிபுரம் அன்னபூரணத்தைப் பார்த்தார். அவருக்கும் இந்த வேடிக்கையைப் பார்க்கிற ஆசை.

பின்னேரம் நாலு மணி. சுவிஸில் மத்தியானம். அன்னபூரணம் பச்சைச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, தலைமயிரைச் சரிசெய்து, வல்லிபுரத்தின் போனைக் கையில் வாங்கினார். திரையில் நாகேஸ் வந்தார். வேலை செய்கிற இடத்துக் குசினி, தலையில் வெள்ளைத் தொப்பி, பின்னால் அண்டா கொதிக்கிற சத்தம்.

“ஆர் இது?”

“நான்தான். பூரணம்.”

“எந்தப் பூரணம்?”

“வேலியைத் திண்ட பூரணமெண்டு கோட்டில சொன்னியே, அந்தப் பூரணம்.”

“ஓ” என்றார் நாகேஸ். “உயிரோடதான் இருக்கிறியோ.”

“இருக்கிறன். நீயும் நல்லாத்தான் இருக்கிறாய். கொஞ்சம் பெருத்திட்டாய்.”

“உது போனின்ர பிழை. என்ன விசயம்?”

“உன்ர மிசின் ஒரு நாளைக்கு வேணும்.”

“உன்னட்ட இல்லையோ? ஊரெல்லாம் படம் அனுப்பினியே.”

“இருக்கு. அதுக்குள்ள சவுக்காரம் போட்டிட்டன்.”

நாகேஸ் தொப்பியைக் கழற்றினார். “மிசினுக்குள்ள சவுக்காரம் போடாமல் வேற என்னத்தைப் போடுறது?”

“முருங்கையிலை.”

நாகேஸ் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார். தர்சினி மெல்லப் போனை வாங்கி, “நான் காட்டுறன் அக்கா” என்று மேல்மாடிக்குக் கொண்டு போனாள். விசிறி, கட்டில்கள், வலைக்குள்ளே பச்சைப் பசேலென்ற இலை, முகம் தெரியும் மாபிள் தரை எல்லாவற்றையும் காட்டினாள். நாகேஸ் இலையைப் பார்க்கவில்லை.

“முகட்டைக் காட்டு பிள்ளை. வௌவால் இல்லையோ?”

“ஒண்டும் இல்லை, அக்கா. ஆக்களும் காத்தும் இருந்தா அதுகள் தங்காது.”

“வல்லிபுரம் அண்ணை, என்ர வீட்டில வௌவால் இருக்கோ?”

“இருக்கு” என்றார் வல்லிபுரம்.

“எத்தினை?”

“எண்ணேல்லை. ஆனா போன தேர்தல்ல நிண்டிருந்தா வெண்டிருக்கும்.”

நாகேஸ் தொப்பியைத் திரும்பப் போட்டார். “பூரணம், உனக்கொரு கதை சொல்லுறன், கேள். மிசினைத் தாறன். ஆனா என்ர மிசினை எடுக்கிறதெண்டா என்ர மேல்மாடியையும் எடுக்கவேணும். உன்ர வீடு இப்பிடி மினுங்க, பக்கத்தில என்ர வீடு வௌவாலோட நாறிக்கொண்டு கிடக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?”

“உன்ர வீட்டில எத்தினை விசிறி?”

“பத்து” என்றார் நாகேஸ், பூரணத்தின் எட்டை மனத்தில் வைத்துக்கொண்டு.

அன்னபூரணத்துக்கு அது குத்தியது. ஆனால் அன்றைக்கு விழுங்கிக்கொண்டார்.

பெட்டியை றோட்டால் சுற்றிக் கொண்டுவரப் பெரிய கேற் திறக்கவில்லை, கறள் பிடித்துப்போயிருந்தது. வேலியை வெட்டினால் பத்தடி. நிமலனும், மெஷின் பூட்டத் தெரிந்த ஜெயரூபனும் கத்தியோடு வேலிக்குக் கிட்டப் போய் நின்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அது கோட்டில் கிடக்கிற வேலி. இலக்கம் போட்ட வேலி. நாகேஸ் இன்னும் போனில் இருந்தார், சமையல் கரண்டியோடு.

“வெட்டுங்கோ” என்றார் அன்னபூரணம்.

“வெட்டுங்கோ” என்றார் நாகேஸ். “ஆனா அவளின்ர பக்கத்தால வெட்டுங்கோ.”

வேலிக்கு எது அவளுடைய பக்கம் என்று பதினொரு வருடமாக நீதவானுக்கே தெரியவில்லை. ஜெயரூபன் நடுவால் வெட்டினான்.

சனிக்கிழமை பத்துக்குச் சரியாகக் கம்பனியின் பரிசோதகர் கஜாலினி வந்தாள். இருபத்தெட்டு வயது, வெள்ளை மேலங்கி, கையில் அட்டை. சிரிக்காத பிள்ளை. இலை ஆய்கிற இடத்தைப் பார்த்தாள், எழுதினாள். கழுவுகிற தண்ணீரைச் சின்னப் போத்தலில் பிடித்தாள், எழுதினாள். வினோதாவின் நகத்தைப் பார்த்தாள், எழுதினாள். அப்படியே மண்டபத்துக்கு வந்தாள். புது மெஷின் நின்றது. தர்சினி வலைப்பையை வைத்து மூடிப் பொத்தானை அமத்தினாள்.

அவசரத்தில் எல்லாரும் ஒன்றை மறந்திருந்தார்கள். புது மெஷினை அனுப்பும்போது உருளை ஆடாமலிருக்க அடியில் ஒரு கட்டை செருகியிருப்பார்கள். ஜெயரூபன் அதை எடுக்கவில்லை. மாட்டுக் கயிறும் பழைய மெஷினோடு பின்னறையில் கிடந்தது. மெஷின் ஒருமுறை உறுமியது. பிறகு துள்ளத் தொடங்கியது. பிறகு கஜாலினியை நோக்கிப் புறப்பட்டது.

கஜாலினி ஒரு அடி பின்வாங்கினாள். நிமலன் வயரைத் தேடினான். தர்சினி பொத்தானைத் தேடினாள். அந்த நேரத்தில் அறுபத்தைந்து வயது அன்னபூரணம் பட்டுச் சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, ஒரே எட்டில் வந்து, மெஷினுக்கு மேலே ஏறி இருந்தார். மெஷின் நின்ற இடத்தில் நின்று குலுங்கியது. அவரும் குலுங்கினார். காப்பு, சங்கிலி, கன்னம், கண்ணாடி எல்லாம் குலுங்க, கோயில் முன்வரிசையில் இருப்பவர் போல நிமிர்ந்திருந்தார்.

“வ-வ-வாங்கோ பி-பிள்ளை. ப-ப-பயணமெல்லாம் எ-எப்பிடி?”

“நல்லது, அம்மா” என்றாள் கஜாலினி. அட்டையைப் பார்த்தாள். இதற்கு அதில் கட்டம் இல்லை. தர்சினியிடம் திரும்பினாள். “இது... வழக்கமாகவே இப்படித்தானோ?”

பொய் சொன்னால் தப்பலாம். ஆறு மாதமாகச் சொன்ன பொய்யின் களைப்புத் தர்சினியின் தோளில் கிடந்தது.

“இல்லை, மிஸ். வழக்கமா இதைக் கயித்தால கட்டுறனாங்கள். எங்கட மிசினுக்குள்ள நேற்றுச் சவுக்காரம் போயிட்டுது, அதால இது அயல் வீட்டில இரவல் வாங்கினது. புதுசு, அடியில ஏதோ எடுக்க விட்டுப்போச்சு. இதில உடுப்பு ஒண்டும் தோய்க்கேல்லை. இனியும் தோய்க்கமாட்டம். எங்கட தண்ணிக்கு இது உடுப்புத் தோய்க்க உதவாது. இலை பிழியத்தான் சரி.”

கஜாலினி எழுதினாள். நீளமாக எழுதினாள். இரண்டு நிமிடம் முடிந்து மெஷின் நின்றது. அன்னபூரணம் நிற்க இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்தது. கஜாலினி பையை அவிழ்த்து, இலையை விரலால் நசுக்கி, மணந்தாள். மேலே போய்க் கட்டில்களைப் பார்த்தாள். காய்ந்த இலையை ஒடித்தாள், தூளை நாக்கில் வைத்தாள். கீழே வந்து கதிரையில் இருந்து படிவத்தை விரித்தாள். ஆறு பெண்களும் மாடிப்படியில் ஒருத்தி தோளுக்குப் பின்னால் ஒருத்தியாக நின்றார்கள்.

“புத்தாக்கம் எண்ட இடத்தில ஒண்டும் எழுதேல்லையே?”

“என்ன எழுதிறதெண்டு தெரியேல்லை, மிஸ்.”

“நான் எழுதுறன்” என்றாள் கஜாலினி. “தொழிலின்ர உரிமையாளர் பெயர்?”

வீடு ஒருவருடையது. மெஷின் இன்னொருவருடையது. இலை ஊர் வேலியுடையது. தர்சினியின் கண் தானாக மச்சாளின் பக்கம் போனது. எல்லாருடைய கண்ணும் போனது. அன்னபூரணம் சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். அவருக்கு ஆசை இருந்தது. இல்லையென்று சொன்னால் அது பொய். தன் படம் போட்ட ஒரு பொதி கனடாக் கடையில் இருப்பதை விடியற்காலையிலிருந்தே அவர் மனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீடு என்ர” என்றார். “மிசின் சுவிஸ்காரியின்ர. தொழில் இவளின்ர. பிரியதர்சினி நிமலன் எண்டு எழுதும், பிள்ளை. முழுப்பேரையும் எழுதும்.”

கஜாலினி எழுதினாள். எழுதிவிட்டுத் தலை நிமிராமலே கேட்டாள்: “ஐம்பது கிலோ எண்டு கடிதத்தில போட்டிருந்தம். நூறு ஏலுமோ?”

மாடிப்படியில் வினோதா தும்மினாள். இந்த முறை ஒருவரும் வௌவாலைக் குற்றம் சொல்லவில்லை.

“நூறுக்கு இன்னும் ரண்டு மிசினும், ரண்டு மேல்மாடியும் வேணும்” என்றாள் தர்சினி. “அனலைதீவில இருந்தும் இலை எடுக்கவேணும். வள்ளத்தில வரலாம். ரண்டு மாசம் தாங்கோ, மிஸ்.”

“ஒரு மாசம்.”

“ஒண்டரை.”

கஜாலினி முதல் தடவையாகச் சிரித்து, ஒன்றரை என்று எழுதினாள்.

அதற்குள் அன்னபூரணம் அங்கே இல்லை. முற்றத்து மாமரத்தடியில், வல்லிபுரத்தைப் பக்கத்தில் நிறுத்தி, அவருடைய இடுப்புத் திறப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டு, நோர்வேயில் யாரோடோ போனில் கதைத்துக்கொண்டிருந்தார். “ஓமோம், நாகேஸ் தந்திட்டாள். மேல்மாடியும் சேத்துத்தான். உங்கட வீட்டில எத்தினை விசிறி?”